நீராவிக் குழாயின் ஒட்டில் தங்கியிருக்கும் நாட்டின் வெளிச்சம்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாணந்துறை உபமின்நிலையத்திலே குரங்கொன்று மின்கம்பிகளுடன் தொடர்புபட்டமையே காரணம் எனக் கூறப்பட்டது. நாட்டிலும் நாட்டுக்கு வெளியிலும் அச்செய்தி பெரும் நகைப்புக்கு இடமளித்தது. ஆனால் அன்றைய தினம் நிகழ்ந்த மற்றுமொரு விடயம் போதிய கவனத்தைப் பெறவில்லை. நுரைச்சோலை லக்விஜய அனல் மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் ஒரே நேரத்தில் செயலிழந்தன. அவற்றை உடனடியாக மீள இயக்க முடியாமையால், அதனைத் தொடர்ந்த நாட்களில் சுழற்சி முறையில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டை மக்கள் சகித்துக்கொள்ள நேர்ந்தது.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் அருகே அமைந்துள்ள மடுல்கெல்ல போன்ற தோட்டப் பிரதேசத்தில் மின்வெட்டு என்பது விளக்கு அணைவதோடு முடிந்துவிடும் விடயமன்று. தேயிலைத் தொழிற்சாலையிலே கொழுந்து வாடவைக்கும் தொட்டிகளின் விசிறிகள் நின்றுவிட்டால், குவிந்திருக்கும் கொழுந்து சூடேறிச் சிவந்து தரம் கெட்டுவிடும். தரம் கெட்ட தேயிலைக்கு விலையில்லை. விலையில்லாத் தேயிலையின் நட்டம் சுற்றிச் சுழன்று இறுதியில் கொழுந்து பறித்தவரின் கூடையிலேயே வந்து சேர்கின்றது. லயன் அறையில் பாடம் படிக்கும் மாணவருக்கும், நோன்பு காலத்தில் ஸஹருக்காக எழும் இல்லத்தரசிக்கும், வத்தேகமவிலும் மடவளையிலும் கடை நடத்தும் வர்த்தகருக்கும் மின்சாரம் என்பது அன்றாட வாழ்வின் அத்திவாரமாகிவிட்டது.

அந்த அத்திவாரத்தின் பெரும்பகுதி புத்தளம் மாவட்டத்தின் கடலோரத்திலுள்ள ஒரே மின்நிலையத்தில் தங்கியிருக்கின்றது. 300 மெகாவாற் வீதம் மூன்று அலகுகளைக் கொண்ட நுரைச்சோலை, நாட்டின் மின் உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை வழங்கி வருகின்றது. சீனாவின் கடனுதவியுடன் நிர்மாணிக்கப்பட்ட இந்நிலையத்தின் முதலாவது அலகு 2011 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இயங்கத் தொடங்கியது. 2014 ஆம் ஆண்டில் மூன்று அலகுகளும் பூர்த்தியாயின. இன்று அது புதிய மின்நிலையமன்று. நடுத்தர வயதை எட்டிவிட்ட நிலையமாகும். மனிதர்களைப் போலவே இயந்திரங்களுக்கும் இந்த வயதில்தான் வெளியே தெரியாத நோய்கள் ஆரம்பமாகின்றன. அந்நோய்களுள் மிகவும் ஆபத்தான ஒன்றைப் பற்றியே நாம் இங்கு எழுத விரும்புகின்றோம். நீராவிக் குழாய்களின் வெல்டிங் ஒட்டுகளில் உண்டாகும் விரிசலே அது.

இது பொறியியலாளர்களுக்குரிய விடயம், பொதுமக்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். குழாய் வெடித்தால் உயிரிழப்பவன் தொழிலாளி. இருளில் இருப்பவர்கள் பொதுமக்கள். நட்டத்தை மின்கட்டணமாகச் செலுத்துபவர்களும் அவர்களே. எனவே அவர்கள் இதனை அறிந்திருப்பது அவசியமாகும்.

அனல் மின்நிலையமொன்றின் கொதிகலனில் உருவாகும் நீராவி, தடித்த சுவர்களைக் கொண்ட குழாய்களினூடாகச் சுழலிக்குச் செல்கின்றது. இவ்வகை நிலையங்களில் அந்நீராவியின் வெப்பம் சுமார் 540 பாகை செல்சியஸ் ஆகும். அழுத்தமோ சாதாரண வளிமண்டல அழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் அதிகமாகும். சாதாரண இரும்பு இவ்வெப்பத்தில் நெடுங்காலம் தாக்குப்பிடிக்காது. ஆகவே எஃகுடன் ஒன்று முதல் இரண்டேகால் வீதம் வரையிலான குரோமியமும், அரை முதல் ஒரு வீதம் வரையிலான மொலிப்டினமும், சிலவேளை சிறிதளவு வனேடியமும் சேர்க்கப்படுகின்றன. இத்தகைய குறைந்தளவு கலப்புடைய எஃகுகளே உலகின் அனல் மின்நிலையங்களைப் பல தசாப்தங்களாகத் தாங்கி வந்துள்ளன.

ஆயினும் எந்த எஃகும் நிரந்தரமானதன்று. கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இருக்கும் உலோகம் மெல்ல மெல்ல இழுபட்டுக்கொண்டே இருக்கும். இதனை ஊர்வு என்பார்கள். வெப்பம் உரிய அளவைவிடச் சுமார் 10 பாகை கூடினாலே குழாயின் ஆயுள் பாதியளவுக்குக் குறையக்கூடும் என்பது துறைசார்ந்தோர் கைக்கொள்ளும் கணக்காகும். இக்குழாய்கள் பொதுவாக ஒரு இலட்சம் மணித்தியாலம் அல்லது அதற்கு மேற்பட்ட பாவனையைக் கருத்திற்கொண்டு வடிவமைக்கப்படுகின்றன. ஓய்வின்றி இயங்கினால் ஒரு இலட்சம் மணித்தியாலம் என்பது பதினொன்றரை வருடங்களுக்குச் சற்றுக் குறைவான காலமேயாகும்.

குழாயின் ஏனைய பகுதிகள் உறுதியாக இருக்கும்போதே பலவீனமடைவது ஒட்டும் அதனை அண்டிய பகுதியுமாகும். வெல்டிங் செய்யும்போது இரு குழாய்களின் விளிம்புகள் உருகி ஒன்றாகின்றன. அதற்கு அடுத்துள்ள சில மில்லிமீற்றர் அகலமான எஃகு உருகுவதில்லை. ஆனால் அதன் உள்ளமைப்பு மாறிவிடுகின்றது. ஒட்டுக்கு மிக அருகில் அதன் படிகங்கள் பருத்துவிடுகின்றன. சற்றுத் தள்ளி நுண்ணியவையாகிவிடுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்த ஒடுங்கிய வளையத்திலேயே விரிசல் பிறக்கின்றது.

அவ்விரிசல் பிரதானமாக மூன்று காலங்களில் தோன்றுகின்றது. முதலாவது, ஒட்டுவேலை முடிந்த சில மணித்தியாலங்களில் அல்லது சில தினங்களில். ஈரமான வெல்டிங் கம்பியிலிருந்து வெளிப்படும் ஐதரசன், விரைவாகக் குளிர்ந்து கடினமான எஃகினுள் சிறைப்பட்டு அதனைப் பிளக்கின்றது. கம்பிகளை அடுப்பில் உலர்த்தி வைத்திருப்பதும், ஒட்டுமுன் குழாயைச் சுமார் 150 முதல் 200 பாகை அல்லது அதற்கு மேலும் சூடேற்றுவதும், வேலை முடிந்த பின்னர் மெதுவாக ஆறவிடுவதும் இதற்கான பரிகாரமாகும். மழைக்காலத்தில் பொதி பிரித்து வைத்த கம்பியை அப்படியே எடுத்து ஒட்டுவது எத்துணை பெரிய தவறு என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒட்டியபின் உள்ளே தங்கியிருக்கும் இழுவிசையைத் தணிப்பதற்காகக் குழாயை மீண்டும் 700 பாகையளவில் சூடேற்றும் வேளையில். நோயைத் தீர்க்கக் கொடுக்கும் மருந்தே நோயாவது போன்றதே இது. இச்சூட்டில் வனேடியம் போன்றவை நுண்துகள்களாகப் பிரிந்து படிகங்களின் உட்புறத்தைக் கடினமாக்குகின்றன. உட்புறம் வளைந்துகொடுக்க மறுப்பதனால் முழு இழுவிசையும் படிகங்களுக்கிடையிலான எல்லைகளைத் தாக்க, அங்கே விரிசல் திறக்கின்றது. பிரித்தானியாவின் மின்நிலையங்களில் 1960 களிலும் 1970 களிலும் குரோமியம், மொலிப்டினம், வனேடியம் ஆகியன கலந்த தடித்த குழாய்களில் இப்பிரச்சினை பெருமளவில் தலைதூக்கியது. ஒட்டின் படைகளை ஒழுங்கான வரிசையில் இட்டு, பருத்த படிகங்களை மீண்டும் நுண்ணியவையாக்குவதன் மூலமும், பொசுபரசு, வெள்ளீயம், அந்திமனி போன்ற மாசுகள் குறைந்த எஃகைப் பயன்படுத்துவதன் மூலமும் இதனைத் தடுக்க முடியும் எனக் கண்டறியப்பட்டது.

மூன்றாவது விரிசலே மிகவும் வஞ்சகமானது. இது பல்லாண்டுகள் இயங்கிய பின்னரே, ஒட்டிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள நுண்படிகப் பகுதியில் தோன்றுகின்றது. முதலில் நுண்ணிய வெற்றிடங்கள். பின்னர் அவை கைகோத்துச் சிறு விரிசல்கள். இறுதியில் குழாயின் சுவரையே ஊடறுக்கும் பிளவு. ஒட்டுவேலை செய்த அன்று எடுத்த கதிர்ப்படம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்நோய்க்கு அது சான்றிதழாகாது. பிறந்தபோது ஆரோக்கியமாக இருந்தவர் ஐம்பது வயதில் வைத்தியப் பரிசோதனை செய்யவேண்டியதில்லை என்று எவரும் கூறுவாரா?

அலட்சியத்துக்கு என்ன விலை என்பதை 1985 ஆம் ஆண்டு ஜூன் 9 ஆம் திகதி அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள மொஹாவே மின்நிலையம் உலகுக்கு உணர்த்தியது. அங்கே மீள்சூடாக்கப்பட்ட நீராவியைக் கொண்டுசென்ற பெரிய குழாயொன்று, நீளவாக்கில் இடப்பட்டிருந்த ஒட்டு வழியே பிளந்தது. வெளிப்பட்ட நீராவி 6 தொழிலாளர்களைப் பலிகொண்டது. 10 பேர் காயமடைந்தனர். அக்குழாயும் குறைந்தளவு கலப்புடைய குரோமியம் மொலிப்டினம் எஃகினாலானது. அம்மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1971 ஆம் ஆண்டிலாகும். அதாவது விபத்து நிகழ்ந்தபோது அதன் வயது 14 மாத்திரமே. அடுத்த ஆண்டு ஜனவரியில் மிச்சிகன் மாநிலத்தின் மன்றோ மின்நிலையத்திலும் இதையொத்த குழாயொன்று பிளந்து பலர் காயமடைந்தனர். அதன் பின்னரே அந்நாட்டின் மின்நிலையங்கள் இத்தகைய ஒட்டுகளை ஒழுங்காகத் தேடிப் பரிசோதிக்கத் தொடங்கின.

நுரைச்சோலையின் குழாய்கள் மொஹாவேயின் நிலையில் உள்ளன என்று நாம் கூறவரவில்லை. நீளவாக்கு ஒட்டுடைய குழாயின் ஆபத்தும் வட்ட ஒட்டுடைய குழாயின் ஆபத்தும் ஒன்றல்ல. ஆனால் அதிகம் வளர்ச்சியடைந்த நாடொன்றிலேயே 14 ஆண்டுகளில் இவ்வாறு நிகழ முடியுமெனின், அதே வயதைத் தாண்டியுள்ள மின்நிலையத்தின் சொந்தக்காரர்களாகிய நாம் கேள்வி எழுப்பாதிருப்பது நியாயமாகாது.

அயலிலும் படிப்பினைகள் உள்ளன. தமிழகத்தின் நெய்வேலியில், இரண்டாவது அனல் மின்நிலையத்தில், 2020 ஆம் ஆண்டு மே 7 ஆம் திகதியும் ஜூலை 1 ஆம் திகதியும் அடுத்தடுத்துக் கொதிகலன் விபத்துகள் நிகழ்ந்து, ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அவ்விபத்துகள் ஒட்டில் உண்டான விரிசலின் கதையன்று. ஆயினும் கொதிகலனுக்கு மிக அருகில் நிற்பவர்கள் யார், முதலில் பலியாகிறவர்கள் யார் என்ற கேள்விக்கான விடை எங்கும் ஒன்றே. குறைந்த சம்பளம் பெறும் தொழிலாளியே அங்கு நிற்கின்றான்.

கொதிகலன் சட்டங்கள் பெரும்பாலும் மரணங்களின் பின்னரே பிறந்தன என்பது வரலாறு. 1863 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இடம்பெற்ற கொதிகலன் வெடிப்பின் பின்னரே, 1864 ஆம் ஆண்டில் வங்காளத்தில் கொதிகலன் பரிசோதனைக்கான சட்டம் வந்தது. முழு இந்தியாவுக்குமான சட்டம் 1923 ஆம் ஆண்டிலும், அதற்குப் பதிலான புதிய சட்டம் 2025 ஆம் ஆண்டிலும் நிறைவேற்றப்பட்டன. எமது நாட்டில் நீராவிக் கொதிகலன்களின் பரிசோதனைக்கு அடிப்படையாக இருப்பது 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமாகும். அச்சட்டம் தொழிலாளர்களுக்கு அளித்துள்ள பாதுகாப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது இயற்றப்பட்ட காலத்தில் 300 மெகாவாற் நிலக்கரி அலகு என்பது இந்நாட்டவர் கனவிலும் கண்டிராத ஒன்றாகும்.

இன்று இரு மாற்றங்கள் இவ்விடயத்தை மேலும் அவசரமாக்கியுள்ளன. முதலாவது சூரிய மின்சாரம். வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் பெருகிவருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் வெயில் நிறைந்த விடுமுறை நாட்களில் கேள்வி குறைந்து, அனல் மின்நிலையங்களின் உற்பத்தியைக் குறைப்பதும் மாலையில் மீண்டும் கூட்டுவதும் தேவைப்படுகின்றது. தடித்த குழாயொன்று சூடேறும்போது உட்சுவர் முந்தி விரிவடைகின்றது, வெளிச்சுவர் பிந்துகின்றது. ஆறும்போது இது தலைகீழாகின்றது. கம்பியொன்றைத் திரும்பத்திரும்ப வளைத்தால் அது முறிவது போன்று, ஒவ்வொரு நிறுத்தமும் ஒவ்வொரு மீளியக்கமும் ஒட்டின் ஆயுளில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றது. 2025 பெப்ரவரியில் நிகழ்ந்தது போன்ற திடீர் நிறுத்தங்களும் இக்கணக்கில் சேர்க்கப்பட வேண்டியவையே.

இரண்டாவது மாற்றம் நிர்வாகம் சார்ந்தது. இலங்கை மின்சார சபையின் பணிகளைப் பல நிறுவனங்களாகப் பிரிப்பதற்கான சட்டம் 2024 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டு, 2025 ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது. அதன் நன்மை தீமைகள் பற்றிய விவாதம் வேறு. எமது கவலை யாதெனில், வீடு பங்குபோடும்போது கிணற்றைத் துப்புரவு செய்யும் பொறுப்பு யாருக்கும் இல்லாமற் போவதைப் போன்று, குழாய்களின் வாழ்க்கை வரலாறு அடங்கிய பதிவேடுகள் அநாதையாகிவிடக் கூடாது என்பதேயாகும். எந்த ஒட்டு எப்போது இடப்பட்டது, எவ்வளவு வெப்பத்தில் எத்தனை மணித்தியாலம் இயங்கியது, எங்கே திருத்தப்பட்டது என்ற விபரங்கள் இல்லாவிடின் எஞ்சியுள்ள ஆயுளைக் கணிப்பது இயலாத காரியமாகும்.

இதற்கு வேண்டிய அறிவு எம்மிடம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல முடியாது. களனியிலே இலங்கை அணுசக்தி சபையின் கீழ், பொருளைச் சேதப்படுத்தாமற் பரிசோதிப்பதற்கான தேசிய நிலையமொன்று இயங்குகின்றது. மடுல்கெல்லவிலிருந்து மலையிறங்கி வந்தால் பேராதனையில், 1964 ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கிவரும் பொறியியற் பீடம் உள்ளது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொருட்கள் விஞ்ஞானத்துக்கெனத் தனித் துறையே இருக்கின்றது. பாக்கு நீரிணைக்கு அப்பால் திருச்சிராப்பள்ளியில் பெல் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையம், 9 வீத குரோமியம் கொண்ட எஃகின் ஒட்டுகளில் காலம் கடந்து தோன்றும் விரிசலைக் குறித்து நீண்டகாலமாக ஆராய்ந்து வருகின்றது. ஒட்டின் மேற்பரப்பை மினுக்கி அதன் அச்சை மென்தகட்டில் பதித்தெடுத்து நுணுக்குக்காட்டியால் பார்த்தால், விரிசலாக மாறுமுன்னரே நுண்வெற்றிடங்களைக் கண்டுகொள்ளலாம். செவிக்குப் புலப்படாத ஒலியலைகளைச் செலுத்திச் சுவரின் உட்புறத்தையும் அறியலாம். குறைவாக இருப்பது அறிவன்று. அதனைக் கட்டாயமாகப் பயன்படுத்த வைக்கும் ஒழுங்கேயாகும்.

இவ்விடயத்தில் எமது இளைஞர்களின் எதிர்காலமும் அடங்கியுள்ளதைச் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து மடவளை, வத்தேகம வழியாக மடுல்கெல்ல வரை செல்லும் பாதையில், கேற்றுகளும் ஜன்னல் கிறில்களும் செய்யும் வெல்டிங் கடைகளைக் காணலாம். தமிழ், முஸ்லிம், சிங்கள இளைஞர்கள் அங்கே தொழில் பழகி, பின்னர் வளைகுடா நாடுகளை நோக்கிப் புறப்படுகின்றனர். அங்குள்ள மின்நிலையங்களிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் குழாய் ஒட்டுபவருக்கு நல்ல சம்பளம் உண்டு. ஆனால் 45 பாகை சரிவில் அசையாது பொருத்தப்பட்ட குழாயைச் சுற்றிவர ஒட்டிக் காட்டும் சிக்ஸ் ஜி பரீட்சையில் தேற வேண்டும். கேற்று ஒட்டும் கை திறமையான கையாக இருக்கலாம். ஆனால் கேற்றின் ஒட்டு விட்டால் இன்னொரு முறை ஒட்டலாம். நீராவிக் குழாயின் ஒட்டு விட்டால் இன்னொரு முறை என்பது கிடையாது. முன்சூடேற்றல், பின்சூடேற்றல், கம்பி உலர்த்தல் ஆகியவற்றின் காரணத்தையும் அறிந்த வெல்டரே நாட்டுக்கு வேண்டும். அத்தகைய பயிற்சியைத் தோட்டப்புற இளைஞர்கள் தமது தாய்மொழியிலேயே பெறுவதற்கு வழிசெய்தால், அவர்கள் வெளிநாட்டில் கூலியாட்களாகவன்றிக் கைவினைஞர்களாக மதிக்கப்படுவர்.

பரிசோதனைக்காக அலகொன்றை நிறுத்தினால், அதற்குப் பதிலாக எண்ணெயில் இயங்கும் நிலையங்களைப் பயன்படுத்த நேரிடும், அதனால் செலவு கூடும் என்ற வாதம் முன்வைக்கப்படுவதுண்டு. இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. 2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த மக்களுக்கு, மின்சாரத்தின் விலையும் தெரியும், இல்லாமையின் வலியும் தெரியும். ஆனால் திட்டமிட்டு நிறுத்தும் அலகு, மழை நிறைந்து நீர்மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் நிறுத்தப்படலாம். தானாக நிற்கும் அலகு காலம் பார்ப்பதில்லை. வரட்சியின் உச்சத்திலோ பரீட்சைக் காலத்திலோ அது நிற்கலாம். ஆட்கள் சூழ நிற்கும் வேளையில் வெடிக்கவும் கூடும். பரிசோதனைக்கான செலவைக் கணக்குப் புத்தகத்தில் எழுதலாம். ஓர் உயிரை எந்தப் பத்தியில் எழுதுவது?

எனவே சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடம் நாம் சில விடயங்களை வேண்டிக்கொள்கின்றோம். நாட்டின் அனல் மின்நிலையங்களிலும், 1969 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சப்புகஸ்கந்த எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்திலும் உள்ள உயர்வெப்ப நீராவிக் குழாய்களின் ஒட்டுகளுக்குத் தனித்தனிப் பதிவேடு பேணப்பட வேண்டும். நிலையத்தை நடத்துபவரே தமது நிலையத்துக்கு நற்சான்று வழங்காது, சுயாதீனமான பரிசோதகர்கள் அதனைச் செய்ய வேண்டும். பரிசோதனையின் பெறுபேறுகளைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஆண்டுதோறும் மும்மொழிகளிலும் வெளியிட வேண்டும். பழைய கட்டளைச் சட்டம், குழாய்களின் எஞ்சிய ஆயுளைக் கணிப்பதையும் கட்டாயமாக்கும் வகையில் புதுப்பிக்கப்பட வேண்டும். ஒப்பந்தக்காரர்கள் அனுப்பும் தொழிலாளர்களுக்கும் நிரந்தர ஊழியர்களுக்குரிய அதே பாதுகாப்பும் பயிற்சியும் உறுதிசெய்யப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் ஆடம்பரமான கோரிக்கையன்று. திறப்பு விழா நடத்துவதற்கோ பெயர்ப்பலகை பொறிப்பதற்கோ இதில் வாய்ப்பில்லை. அதனாலேயே அரசியல்வாதிகளின் கவனம் இதன்பால் திரும்புவதில்லையோ என்று எண்ணத் தோன்றுகின்றது. விரிசல் ஒன்று உரிய நேரத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் அது செய்தியாவதில்லை. அன்று மாலையும் மடுல்கெல்லவின் லயன்களில் வழமைபோல் விளக்கெரியும்; தொழிற்சாலையில் விசிறி சுழலும்; நுரைச்சோலையில் வேலை முடிந்த தொழிலாளி தன் பிள்ளைகளிடம் திரும்பிச் செல்வான். இத்தகைய செய்தியற்ற நாட்களை மக்களுக்கு வழங்குவதே நல்லாட்சியின் கடமையாகும். வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டியவர்கள், ஒட்டு விடுமுன் அதனை நோக்கவும் வேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.